விடுதி கேப்டனுக்குச் சலுகையே கிடையாதாம்!

திருமங்கலத்தான்:
பழைய மாணவர் மலரில் நம்ம பள்ளி விடுதியின் முன்னாள் கேப்டன் ஒருவர் எழுதியிருப்பதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. "கேப்டனாக இருந்தவர்களுக்கு ஒரு சலுகையும் கிடையாது, பொறுப்பு மட்டும்தான்" என்கிறார். சலுகை கிடையாதா? ஹாலுக்கு நாலு ஃபேன், முப்பது கட்டில். அதில் ஒரு ஃபேனுக்கு நேர் கீழே யார் கட்டில் கிடந்தது? பரீட்சை நேரத்து மதுரை வெயிலில் நாங்கள் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்தோம். பொறுப்பானவர் மட்டும் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கினார்.

பழைய கேப்டன்:
எழுதியது நான்தான் தம்பி, ஒளிய ஒன்றும் இல்லை. கேப்டன் கட்டில் வாசல் பக்கம் இருக்க வேண்டும் என்பது வார்டன் போட்ட சட்டம். இரவில் யார் சுவரேறிக் குதித்து செகண்ட் ஷோ போகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? வாசல் பக்கம் ஒரு ஃபேன் இருந்தால் அது என் குற்றமா? விடிகாலை மணி அடித்தது, ஸ்டடி அவரில் ஆள் எண்ணியது, மெஸ்ஸில் சண்டை விலக்கியது, காய்ச்சல்காரனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, இதெல்லாம் யார்? அதைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்களேன்.

திருமங்கலத்தான்:
மணி அடித்ததை யார் கேட்டது? கட்டில் வாசல் பக்கம் இல்லை அண்ணே. வாசலிலிருந்து மூன்றாவது வரிசை. அங்கே படுத்தால் வாசல் தெரியாது, ஃபேன்தான் தெரியும். செகண்ட் ஷோ போனவர்களை நீங்கள் பிடித்ததே இல்லை. எப்படிப் பிடிப்பீர்கள், முன்னால் குதித்ததே நீங்கள்தானே.

மேலூர்ப் பொண்ணு:
நான் பெண்கள் விடுதி. எங்கள் கேப்டனுக்குக் கிடைத்தது குளியலறை வரிசையில் முதல் வாளி வைக்கும் உரிமை, தண்ணீர் வராத நாளில் அதுவும் இல்லை. அதை விடுங்கள். பள்ளிக்கு எஸ்.பி.எல்., அதாவது மாணவர் தலைவர், யார்? ஆண்கள் விடுதி கேப்டன். இலக்கிய மன்றச் செயலாளர்? அவரே. ரோட்டரியின் மாணவர் சங்கமான இன்டராக்ட் கிளப் 12 வயதிலிருந்து 18 வரை இருக்கிற எல்லாருக்கும் பொது என்று ரோட்டரிக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், அதற்கும் தலைவர் அவரே. எங்களுக்குத் "துணை" என்று ஒரு பேட்ஜ். அதையும் மூன்று மாதத்தில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இதைப் பேசாமல் ஃபேனைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

பழைய கேப்டன்:
இன்டராக்டுக்கு முறையாகத் தேர்தல் நடந்தது. எல்லாரும் கை தூக்கினார்கள்.

திருமங்கலத்தான்:
கை தூக்கும்போது பின்னால் வார்டன் நின்றார். சரி, அது அக்காவின் வழக்கு, அவர் நடத்தட்டும். ஃபேனுக்குப் பதில் சொல்லுங்கள்.

அமராவதி:
சிரிப்பு வருகிறது. நான் கோயம்புத்தூர் மாவட்டம் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்தவன், 1962இல் தொடங்கிய பள்ளி. அங்கே கேப்டன் என்றால் பி.டி.க்கு முதல் ஆளாக நிற்க வேண்டும், யாரும் ஃபேனைப் பற்றிப் பேசியதில்லை. தலைமை என்றால் என்ன என்று முதலில் வரையறுத்துவிட்டு அப்புறம் பேசலாமே.

சோழவந்தான்:
அமராவதிநகர் திருப்பூர் மாவட்டம். 2009இலேயே பிரித்தாயிற்று.

அமராவதி:
நான் படித்தபோது கோயம்புத்தூர்தான்.

சோழவந்தான்:
எழுதுவது இன்றைக்குத்தானே? சொந்தப் பள்ளி எந்த மாவட்டம் என்று தெரியாதவர் எங்களுக்கு வரையறை கேட்கிறார்.

அமராவதி:
உடுமலைப்பேட்டையில் போய்க் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் பாதிப்பேர் கோயம்புத்தூர் என்றுதான் சொல்வார்கள்.

திருமங்கலத்தான்:
மாவட்டச் சண்டையை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். சைனிக் பள்ளி பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது, ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ.வுக்கு ஆள் தயாரிக்கிற இடம், அதை எங்கள் விடுதியோடு சேர்க்காதீர்கள். மத்திய அரசின் நவோதயா உறைவிடப் பள்ளி தமிழ்நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. பேரையூர்ப் பக்கத்துப் பையன் ஆறாம் வகுப்பில் டிரங்குப் பெட்டியும் வாளியுமாக இப்படி ஒரு தனியார் விடுதியில்தான் வந்து விழுவான். முதல் வாரம் முழுக்க அழுவான். அவனுக்கு அரசாங்கம் என்றால் வார்டன் இல்லை, கேப்டன்தான். கேப்டன் வாளிக்குத் தண்ணீர் பிடித்தது அவன், கேப்டன் சட்டையைத் துவைத்தது அவன், ரோல் கால் எடுக்கும்போது கேப்டனைப் பார்த்துச் சிரித்துவிட்டான் என்று முட்டி போட்டதும் அவன். விசிட்டிங் சண்டேயில் அம்மா பஸ் மாறி மாறி வந்து கொடுத்துவிட்டுப் போன அதிரச டப்பா முதலில் எந்தக் கட்டிலுக்குப் போனது? ஃபேனுக்குக் கீழே இருந்த கட்டிலுக்கு. இதைத்தான் மலரில் "இளையவர்களை அரவணைத்தோம்" என்று எழுதியிருக்கிறார்.

பழைய கேப்டன்:
அதிரசத்தை நான் பிடுங்கவில்லை. கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

உசிலம்பட்டியான்:
நான் அரசு விடுதியில் இருந்தவன். எங்களுக்குக் கட்டிலே கிடையாது, பாய்தான். நீங்கள் தொடருங்கள்.

சோழவந்தான்:
ஒரு சந்தேகம். நீங்கள் சொல்வது 2012 தானே? அந்த வருஷம் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்டே இல்லை. எந்த ஃபேன் சுற்றியது?

பழைய கேப்டன்:
அப்படிக் கேளுங்கள்! நானும் எல்லாரையும் போல மொட்டை மாடியில் கொசுக்கடியில்தான் படுத்தேன்.

திருமங்கலத்தான்:
மொட்டை மாடிக்கு எங்களை விடவே இல்லை, சாவி உங்கள் இடுப்பில் இருந்தது. கரண்ட் வந்த நேரத்தில் அந்த ஃபேன் யார் தலைக்கு மேலே சுற்றியது? நான் கேட்பது இது ஒன்றுதான்.

மேலூர்ப் பொண்ணு:
ஆண்களுக்கு மொட்டை மாடி வேறு இருந்ததா? எங்களுக்கு ஆறு மணிக்கே கிரில் கேட்டைப் பூட்டினார்கள்.

பழைய கேப்டன்:
தம்பி, உங்களுக்கு அந்த வருஷம் ஹவுஸ் வைஸ் கேப்டன் பதவி கிடைக்கவில்லை, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

திருமங்கலத்தான்:
நான் பெயரே கொடுக்கவில்லை. கொடுத்தேன் என்று யார் சொன்னது? கட்டில் மூன்றாவது வரிசை. என்னோடு படித்தவர்கள் இங்கே இருந்தால் வந்து சொல்லட்டும்.

உசிலம்பட்டியான்:
யாரும் வரமாட்டார்கள். எல்லாரும் அவருக்கு வாளி பிடித்தவர்கள்.

பழைய கேப்டன்:
வார்டன் வரைந்த ஹால் படம் என்னிடம் இருக்கிறது. கட்டில் எண்ணோடு. ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் செய்து போடுகிறேன், அப்புறம் பேசுங்கள்.

சோழவந்தான்:
எந்த ஹால், பழைய கட்டடமா, புதுக் கட்டடமா?

பழைய கேப்டன்:
புதுக் கட்டடம்.

திருமங்கலத்தான்:
நாங்கள் இருந்தது பழைய கட்டடம் அண்ணே.