தீவகச் சஞ்சிகை மறுபதிப்பு: நிதி வேண்டுகோளும் மறுமொழிகளும்

செயலாளர் எழுதியது:

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அச்சாகிய எங்கள் தீவகச் (யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளின்) சஞ்சிகையை ஒரே தொகுப்பாகக் கெட்டி அட்டை போட்டு 500 பிரதிகள் மறுபதிப்புச் செய்ய நிர்வாகம் தீர்மானித்துள்ளது. ஊர் வாசிகசாலையில் 30 இதழ்கள் உள்ளன. தேவைப்படும் தொகை 3,000 கனடிய டொலர். எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஐந்து வெளிநாட்டுக் கிளைகளும் தலா 600 டொலரை இம்மாத முடிவுக்குள் அனுப்பி உதவவும். நயினை அம்மன் திருவிழாவுக்கு ஊருக்கு வருபவர்கள் கலந்துகொள்ள வசதியாக ஆனி மாதத்தில் வெளியீட்டு விழா.

பவளம் அக்கா, பாரிஸ்:

தம்பி, காசு கேட்க முதல் அந்த இதழுகள் என்ன கோலத்தில கிடக்குதெண்டு ஆரும் போய்ப் பாத்தனீங்களோ? தங்கச்சியின்ர மகள் போய்ப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். இரும்பு அலுமாரி சுவரோட ஒட்டி நிக்குது. பின்தகடு துருப்பிடிச்சு ஓட்டை. கறையான் புற்று மண் காலால ஏறிக் கீழ்த்தட்டு வரைக்கும் வந்திட்டுது. சஞ்சிகைக் கட்டு மேல்தட்டில இருக்கிறபடியால் தப்பிக் கிடக்கு, ஆனால் நைலோன் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினதில விளிம்பெல்லாம் அறுந்து போச்சு. கிழிஞ்ச ஒற்றையளை ஆரோ செலோரேப் போட்டு ஒட்டியிருக்கினம். அது மஞ்சளாகி, இழுத்தால் எழுத்தையும் கொண்டு வருகுது. கட்டுக்கு நடுவில பூச்சி உருண்டை.

அலுமாரித் திறப்பு (சாவி) ஆரிட்டை எண்டு கேட்டதுக்கு வந்த மறுமொழியை இஞ்சை எழுதேல்லை. விளங்கிற ஆக்களுக்கு விளங்கும்.

ராசன், ஸ்காபரோ:

செயலாளரின் மடலில், கிளைப் பங்கை விட்டால், கணக்கென்று மூன்று இலக்கம்தான் உண்டு: 30, 500, 3,000. மிச்சத்தை நான் போட்டுப் பார்த்தேன்.

ஓர் இதழ் சராசரி 40 பக்கம். 30 இதழுக்கு 1,200 பக்கம். சஞ்சிகையின் பக்கம் ஏறத்தாழ ஏ4 தாளின் பாதி. ஆகவே ஒரு ஏ4 தாளின் இரு பக்கமும் சேர்த்து நாலு பக்கம் பிடிக்கும். ஒரு பிரதிக்கு 300 தாள். 500 பிரதிக்கு 1,50,000 தாள், அதாவது 300 ரீம். 3,000 டொலரை 300 ஆல் பிரித்தால் ரீமுக்கு 10 டொலர். தாள், அச்சுக்கூலி, கட்டுக்கூலி, அட்டை, ஏற்றுக்கூலி அத்தனையும் அந்தப் பத்து டொலருக்குள் அடங்குமா?

இன்னும் இருக்கிறது. 80 கிராம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். ஒரு பிரதி ஒன்றரைக் கிலோ, அட்டை வேறு. 500 பிரதி 750 கிலோ. ஐந்து நாட்டுக்கு அனுப்புகிற காசை யார் கட்டுவது? 300 தாளும் பாதியாகி 600 ஒற்றை சேர்ந்தால் முதுகு ஆறு சென்ரிமீற்றர் வரும். வெறும் பசையில் ஒட்டினால் நடுவால் பிளக்கும். நூல் தைத்துக் கட்ட வேண்டும், அல்லது இரண்டு மூன்று தொகுதியாகப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் கூலி கூடும்.

ஊர்த் தண்ணீர்த் தாங்கிக்குச் சேர்த்த காசின் கணக்கு இன்னும் வரவில்லை என்பதை நான் இங்கே கிளறவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

குணம், லண்டன்:

ராசன் எதையும் தராசில போட்டுத்தான் பாப்பார். அங்கால் ஊர்ச் சங்கம் ஆர்ட் பேப்பரில கலர் மலர் விட்டு, அதைக் கொண்டுவந்து என்ர மேசையில போட்டிட்டுப் போகினம். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பன், எழுத்தாளர் தளையசிங்கம் இருந்து எழுதின புங்குடுதீவு, இதெல்லாம் எந்த மண்? “தீவார்” எண்டு யாழ்ப்பாணத்தில நக்கலடிச்சவைக்கு இந்தப் புத்தகம்தான் மறுமொழி. செய்யிறதைத் திறமாச் செய்யுங்கோ. ஆர்ட் பேப்பர் 130 கிராம். இண்டைக்குக் கொம்பியூட்டரில கறையை எடுக்கலாம், கோட்டை எடுக்கலாம், பளிச்செண்டு கறுப்பு வெள்ளையாக்கலாம். கோடு போட்ட கொப்பித் தாளில அடிச்சதை அப்பிடியே படம் எடுத்துப் போட்டு எங்கட இல்லாமையை உலகத்துக்குக் காட்ட வேண்டாம்.

நாதன், சூரிச்:

குணமண்ணை, 130 கிராம் எண்டால் ராசன் சொன்ன ஒன்றரைக் கிலோ கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோவாகும். படுத்திருந்து வாசிக்க ஏலாது. அது கிடக்கட்டும். நீங்கள் அழிக்கச் சொல்லுற அந்த நீலக் கோடுதான் இந்தச் சஞ்சிகையின்ர சாட்சி.

1990 இல பொருளாதாரத் தடை. பத்திரிகைத் தாள், அச்சு மை, மண்ணெண்ணெய், பற்றரி எல்லாத்துக்கும் கட்டுப்பாடு. மின்சாரமும் இல்லை. 1990, 91 இல தீவகம் இராணுவத்தின்ர கைக்குப் போக, சனம் பாலம் கடந்து யாழ்ப்பாணப் பக்கம் வந்திட்டுது. களங்கண்டி (கரைக்கடலில மீன் பிடிக்கிற வலையடைப்பு) கட்டுறதைப் பற்றி, சாட்டி நல்ல தண்ணியைப் பற்றி, நெடுந்தீவுக் கல்வேலியைப் பற்றி எழுதினவை அதுகளைப் போய்ப் பாக்கேலாத நிலையில இருந்து எழுதினவை. அச்சடிக்கத் தாளில்லை. பள்ளிக்கூடக் கொப்பித் தாள் கிடைச்சால் அதில, மண்ணிறத் தாள் கிடைச்சால் அதில. ஒரே இதழுக்குள்ள மூண்டு நிறத் தாள் வருகுதெண்டால் அது அலங்காரமில்லை, கிடைச்ச கட்டு அந்தப் பக்கத்தோட முடிஞ்சு போச்சு. அதைக் கறுப்பு வெள்ளையாக்கினால் கட்டுரை மிஞ்சும், காலம் போயிடும்.

பிழையளும் அப்பிடித்தான். காலால மிதிச்சு அடிக்கிற மிதி மெசினில ஈய எழுத்தைக் கையால கோக்கிறது. எழுத்துப் பெட்டியில இருக்கிற எழுத்து நாலு பக்கத்துக்குத்தான் காணும். நாலு பக்கம் கோத்து, புரூப் பாத்து, முடுக்கி, அடிச்சு, பிறகு கட்டை அவிழ்த்து எழுத்தைப் பிரிச்சுப் பெட்டியில போட்டால்தான் அடுத்த நாலு பக்கம். பதினாறாம் பக்கம் அடிக்கேக்கை மூண்டாம் பக்கத்துப் பிழை தெரிஞ்சால் செய்ய ஒண்டுமில்லை, அந்த எழுத்து வேற சொல்லுக்குப் போட்டுது. இரண்டாம் பதிப்பு வராததுக்கும் அதுதான் காரணம்: திரும்ப முழுக்கக் கோக்க வேணும். “ண” முடிஞ்சு போய் “ன” நிக்கிற இடங்களைக் கண்டு தமிழ் தெரியாமல் எழுதினவை எண்டு ஆரும் சொல்ல வேண்டாம். மை இறுகிப் போனதை மண்ணெண்ணெய் விட்டு இளக்கினால் எழுத்தைச் சுத்தி மஞ்சள் எண்ணெய் வளையம் வரும். அதைக் கறையெண்டு துடைக்க வெளிக்கிடக் கூடாது.

இப்ப வேலைக்கு வாறன். முதல் அலுமாரி. சுவரில இருந்து அரை அடி இழுத்து விடுங்கோ. இதழ்க் கட்டை அங்கை வைக்காமல் வேற காய்ஞ்ச இடத்துக்கு மாத்துங்கோ. கயிறை வெட்டுங்கோ, இழுத்து அவிழ்க்க வேண்டாம். பூச்சி உருண்டையை எறியுங்கோ. அது முட்டையைச் சாக்காட்டும் எண்ட நம்பிக்கை இல்லை, வாசிக்கிற ஆளுக்குத்தான் தலையிடி. கறையான், இராமபாணப் பூச்சி இருக்கிற இதழுகளைப் பொலித்தீன் பையில காத்தெடுத்து இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 பாகையில நிக்கிற ஆழ்குளிர்ப் பெட்டியில இரண்டு கிழமை வையுங்கோ. ஊரில மீன் வைக்கிற பெட்டி எல்லா வாடியிலயும் கிடக்கு, ஒண்டைக் கழுவி வாடகைக்கு எடுக்கலாம். வெளியில எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்க வேண்டாம். உடனே திறந்தால் குளிர்த் தாளில ஈரம் பிடிக்கும், பிறகு பூஞ்சணம்.

இதழ் தைச்ச கம்பி துருப்பிடிச்சிருக்கும். கம்பி கழட்டிற சாமானைப் போட்டுப் பிடுங்கினால் நடு ஒற்றை கிழியும். இதழை நடுவில விரிச்சு, மடிஞ்ச இரண்டு காலையும் மெல்லிய தகட்டால நிமிர்த்தி, முதுகுப் பக்கத்தால எடுங்கோ. செலோரேப்பைத் தொட வேண்டாம். லமினேற் செய்யிறதெண்டு ஆரும் யோசிச்சால் அவையிட்டை இதழைக் குடுக்கவே வேண்டாம், அதைப் பிறகு கழட்டேலாது. மூலை நொறுங்கிற தாளைக் கையால பிரட்டாமல் கீழ ஒரு வெறுந்தாளைக் குடுத்துத் தூக்கிப் பிரட்டுங்கோ.

ஸ்கான் செய்யிறது கலரில, 400 டீபிஐ, டிஃப் கோப்பு. ஐந்தரைக்கு எட்டரை அங்குலப் பக்கம் ஒண்டு 22 மெகாபைட் வரும், 40 பக்க இதழ் 900 மெகாபைட், 30 இதழும் 27 கிகாபைட். இண்டைக்கு அது ஒரு பாரமில்லை. கொப்பித் தாள் மெல்லிசு, பின்பக்க எழுத்து முன்னால தெரியும். ஒவ்வொரு ஒற்றைக்கும் பின்னால கறுப்புத் தாள் வைச்சு எடுத்தால் அது அடங்கும். பெரும்பாலான இடத்தில ஆக்கள் செய்யிற பிழை வெள்ளைத் தாள் வைக்கிறது.

குணமண்ணைக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கு. கலரில எடுத்து வைச்சால், வாசிக்கிறதுக்கு எண்டு தனிப் பிரதி செய்யேக்கை நீல நிற அலைவரிசையை மட்டும் எடுக்கலாம். அதில நீலக் கோடு தாளோட சேர்ந்து வெளிறிப் போகும், கறுத்த எழுத்து நிக்கும். முதலே சாம்பல் நிறத்தில எடுத்தால் கோட்டையும் எழுத்தையும் பிரிக்கேலாது. கோடில்லாத பிரதியும் எடுக்கலாம், கோடுள்ள மூலமும் இருக்கும். படத்தில இருந்து எழுத்தை வாசிக்கிற எழுத்துணரி போட்டுத் தட்டச்சுக் காசை மிச்சம் பிடிக்கலாமெண்டு நினைக்க வேண்டாம். தேஞ்ச ஈயம், பழைய வடிவ “லை”, “னை”. ஒரு ஆள் தட்டச்சு அடிக்க, இன்னொரு ஆள் ஒப்புநோக்க வேணும்.

பவளம் அக்கா, பாரிஸ்:

நாதன் சொன்ன அச்சுப் பிழைக்கு ஒரு உதாரணம். ஒடியல் (காய்ஞ்ச பனங்கிழங்கு) கூழ்க் குறிப்பில “மாவை ஊறவைத்த தண்ணீருடன் கூழில் விடவும்” எண்டு கிடக்கு. அதை அப்பிடியே திரும்ப அடிச்சால் சனம் கூழைக் கசக்கக் கசக்கக் குடிச்சிட்டு எங்களைத்தான் திட்டும். ஒடியல் மாவைத் தண்ணியில ஊறவிட்டு, மா அடியில படிய மேல்தண்ணியை ஊத்தி, புதுத் தண்ணி விட்டுத் திரும்ப ஊத்த வேணும். அப்பதான் கைப்புப் போகும். மீன் தலை, நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு பிடி அரிசி எல்லாம் அவிஞ்ச பிறகு, அரைச்ச செத்தல் மிளகாயும் பழப்புளியும் விட்டு, கடைசியாத்தான் கரைச்ச மா. முதலே மாவை விட்டால் தடிச்சு அடிப்பிடிக்கும், கிழங்கு வேகாது. முருக்கமிலை இறக்கப் போகேக்கை.

ஸ்காபரோவில கூழ்ப் பார்ட்டி எண்டு கோன்மா போட்டுத் தடிப்பாக்கிற ஆக்களும் இந்தக் குழுவில இருக்கினம். பேர் சொல்லேல்லை.

ராசன், ஸ்காபரோ:

அது ஒரு முறை, ஒடியல் மா தட்டுப்பாட்டில் நடந்தது. விடயத்துக்கு வருவோம்.

முதலில் இதழ்ப் பட்டியல் வேண்டும்: இதழ் எண், அட்டையில் உள்ள மாதம், பக்கத் தொகை, எந்த ஒற்றை இல்லை, எந்தத் தாள். நூலக நிறுவனம் 2005 இல் இருந்து ஈழத்துச் சஞ்சிகைகளை மின்வடிவாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எங்கள் இதழ்களில் எவை ஏற்கெனவே அங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் காசு செலவழிப்போம். அவர்களுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். ஒரே ஊரில் ஒரே கட்டாக வைத்திருப்பதன் விலை 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எல்லாருக்கும் தெரிந்தது.

இரண்டாவது, உரிமை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் உரிமை அவர் இறந்து 70 வருடம் வரை உண்டு. சங்கம் தீர்மானம் போட்டதால் எங்களுக்கு அச்சடிக்கும் உரிமை வந்துவிடாது. எழுதியவர்களிடமோ பிள்ளைகளிடமோ கையெழுத்து வாங்க வேண்டும். விற்பனை விலை போட்டால் இன்னும் கவனம்.

நாதன், சூரிச்:

கையெழுத்து வாங்கப் போகேக்கை ஒண்டு. பாதிப் பேர் புனைபெயரில எழுதினவை. அந்த நேரம் அது வீம்புக்கு வைச்ச பெயரில்லை. இப்ப மறுபதிப்பில அடைப்புக்குறிக்குள்ள சொந்தப் பெயரைப் போட்டுக் கௌரவிக்கிறம் எண்டு வெளிக்கிடுவினம். அவை தாங்களாச் சொன்னால் ஒழியப் போடக் கூடாது. நன்கொடை குடுத்தவை பட்டியல், அஞ்சலிக் குறிப்புகளும் அப்பிடித்தான். குமுதினிப் படகு நினைவுக் குறிப்பில, 1985 மே 15 அந்தப் படகில கொல்லப்பட்டவையின்ர பெயரோட குடும்ப விபரமும் வந்திருக்கும். நெடுந்தீவில உறவுகளைக் கேளாமல் அதில கை வைக்க வேண்டாம்.

கட்டில இல்லாத இதழுகளை வெளிநாட்டு வீடுகளில தேடுங்கோ. 1995 ஒக்ரோபர் 30 வலிகாம இடப்பெயர்வில வீட்டோட விட்டிட்டு வந்த கட்டுகள் திரும்பக் கிடைக்காது. அதுக்கு முந்தித் தபாலில வெளியில வந்த பிரதியள்தான் மிச்சம். கண்டெடுத்தால் சங்கத்துக்குத் தபாலில அனுப்ப வேண்டாம். இருக்கிற இடத்திலயே ஸ்கான் எடுங்கோ, அட்டையின்ர உள்பக்கத்தையும் விடாமல். தாள் எங்கையிருந்து வந்தது, ஆர் தந்தது எண்டெல்லாம் அதிலதான் சின்ன எழுத்தில போட்டிருப்பினம்.

குணம், லண்டன்:

நீல அலைவரிசை விளக்கம் சரி. கோடு கிடக்கட்டும். ஆனால் ஐம்பது பிரதியாவது திறமான கட்டில வேணும். அதுக்கு லண்டன் கிளை தனியாக் காசு போடும், தண்ணித் தாங்கியை எங்களிட்டைக் கேக்க வேண்டாம். தலைப்பு எழுத்து ஆர் கீறினதெண்டு அட்டையில வர வேணும், அதை வேற ஆளின்ர பேரில போட்ட கதை எனக்கு இன்னும் மறக்கேல்லை.

செயலாளர் எழுதியது:

600 டொலர் வேண்டுகோளை நிறுத்தி வைக்கிறேன். ஏற்கெனவே அனுப்பிய இரண்டு கிளைகளின் காசு தனிக் கணக்கில் இருக்கிறது, பற்றுச்சீட்டு இணைத்துள்ளேன். ஆழ்குளிர்ப் பெட்டி வாடகை, கறுப்புத் தாள், இரண்டு வன்தட்டு, ஸ்கான் எடுப்பவருக்கும் ஒப்புநோக்குபவருக்கும் கூலி என்று ராசன் அண்ணை புதிய செலவுப் பட்டியல் தரட்டும். அலுமாரித் திறப்பு வரும் ஞாயிறு வாசிகசாலைத் தலைவரிடம் ஒப்படைக்கப்படும்.

ராசன், ஸ்காபரோ:

பற்றுச்சீட்டில் திகதி இல்லை.