சிங்கப்பூர் கப்பல் டூர்: வைஃபை பேக் வாங்கறதா, இறங்கற எடத்துல சிம் போட்டா போதுமா?

குன்னூர்_சில்வர்ஓக்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. அப்பா அம்மாவ அடுத்த மாசம் சிங்கப்பூர்ல கெளம்பற 4 ராத்திரி கப்பல்ல அனுப்பறேன். பினாங்கு, ஃபூக்கெட், அப்புறம் ஒரு நாள் முழுக்க கடல், திரும்ப சிங்கப்பூர். ரெண்டு பேரும் கப்பல் ஏறறது இதான் மொத தடவ. வைஃபை பேக் ஒரு ஃபோனுக்கு ஒரு நாளைக்கு 20 டாலர் சொல்றாங்க, ரெண்டு ஃபோன் நாலு நாள்னா 160 டாலர், அதுக்கு எங்க தோட்டத்துல எத்தன கிலோ பச்ச தேயிலை பறிக்கணும்னு கணக்கு போட்டேன், தலை சுத்திடுச்சு. ஆனா தங்கச்சிக்கு எட்டாம் மாசம், கோயமுத்தூர்ல இருக்கா. அப்பாவுக்கு வேற ஃபேக்டரிக்கு அன்னிக்கு எத்தன கிலோ போச்சுன்னு ரசீது ஃபோட்டோ சாயங்காலம் வாட்ஸப்ல வந்தாகணும், வரலன்னா சோறு எறங்காது. என்ன பண்ணலாம்?

மஞ்சூர்_மணி:
பேக் எல்லாம் வேண்டாம் தம்பி. ஃப்ளைட் மோட்ல போட்டு பெட்டிக்குள்ள வெச்சுட்டு கடல பாக்கச் சொல்லுங்க. எங்க குந்தா பக்கம் ஆடிக் காத்துல மரம் சாஞ்சா ரெண்டு நாள் கரண்டும் இருக்காது டவரும் இருக்காது, அப்ப எல்லாம் உயிரோட தானே இருக்கோம்? 160 டாலர் குடுத்து நடுக்கடல்ல குட் மார்னிங் மெசேஜ் பாக்கணுமா. பினாங்குல ஒரு தடவ, ஃபூக்கெட்ல ஒரு தடவ ஃபோன் பேசட்டும், போதும்.

கோத்தகிரி_அக்கா:
மணி அண்ணா, நானும் இதே பேச்சு பேசிட்டுதான் போனேன். பேக் வாங்கல. ரெண்டாவது நாள் காலைல துறைமுகத்துல இறங்கி அங்க இருந்த ஓசி வைஃபைய போட்டா ஃபோன் நிக்காம டிங் டிங்குங்குது, 43 மெசேஜ். மேலாப்ல தெரிஞ்சது கடைசி மெசேஜ், "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது". யாருக்கு, என்ன ஆபரேஷன்னு தெரிஞ்சுக்க விரலால மேல மேல தள்ளிட்டே போறேன், கை நடுங்குது. மாமியார் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சிருக்கு. அதுல ஒண்ணு கொழுந்தனார் எங்க வீட்டுக்காரருக்கு போட்டது: "அண்ணா ஒரு வார்த்த சரின்னு சொல்லு, டாக்டர் கேக்கறாரு". அதுக்கு பதில் வராம ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருக்காங்க.

மஞ்சூர்_மணி:
கஷ்டம்தான்மா, இல்லேங்கல. ஆனா தெரிஞ்சிருந்தா மட்டும் நடுக்கடல்ல இருந்து நீந்தியா வந்திருப்பீங்க? அந்த ஒரு ராத்திரி தூக்கமாவது மிஞ்சிச்சே.

கோத்தகிரி_அக்கா:
அந்த தூக்கத்த நெனச்சாதான் அண்ணா இன்னிக்கும் எரியுது. குந்தாவுல டவர் இல்லன்னா அது உங்க கைல இல்ல. இது கைல இருந்தும் காசு பாத்து வேண்டாம்னு விட்டது. ரெண்டும் ஒண்ணா?

ஊட்டி_ஐடி_பையன்:
அக்கா சொல்றதுதான் சரி, வாங்குங்க ப்ரோ. மணி அண்ணன் காலம் மலையேறிடுச்சு, நம்ம நீலகிரிக்கு வெளியூர்க்காரங்க வரதுக்கே 2024 மே 7-ல இருந்து ஆன்லைன்ல இ-பாஸ் எடுக்கணும், கல்லார்ல காரை ஓரம் கட்டிட்டு நெட் தேடற டூரிஸ்ட்ட தெனம் பாக்கறோம். அப்புறம் முன்ன மாதிரி கப்பல் நெட் ஆமை இல்ல. பழைய சேட்டிலைட் 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல நிக்கும், நீங்க ஹலோன்னா அது மேல போயி கீழ வந்து பதிலும் அதே மாதிரி மேல போயி கீழ வரணும், அரை செகண்ட் அதுலயே போயிடும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி ஒரே நேரத்துல நிறுத்துவாங்க. இப்ப வந்திருக்கற ஸ்டார்லிங்க் சேட்டிலைட் சுத்தறது 500 கிலோமீட்டர் பக்கத்துல, வீடியோ கால் கூட போகும். 2022 ஆகஸ்ட்ல ராயல் கரீபியன்ங்கற கப்பல் கம்பெனி எல்லா கப்பல்லயும் அத போடறதா சொன்னாங்க, அப்புறம் மத்தவங்களும் மாற ஆரம்பிச்சாங்க. உங்க கப்பல்ல எதுன்னு கேட்டுட்டு வாங்குங்க. செலவக் கொறைக்க ஒரு வழி இருக்கு, சின்ன ட்ராவல் ரவுட்டர் ஒண்ணு எடுத்துட்டு போனா ஒரே பேக்க ரெண்டு ஃபோனும் இழுக்கலாம்.

கூடலூர்_கப்பல்காரன்:
தம்பி ரவுட்டர் ஐடியா சொல்லி பெரியவங்கள மாட்டி விடாதீங்க. நான் கப்பல் கிச்சன்ல ஏழு வருஷமா வேலை பாக்கறேன். நெறைய கம்பெனில ரவுட்டர் கொண்டு வரக்கூடாதுன்னே ரூல் இருக்கு, பெட்டி ஸ்கேன்ல பாத்தா எடுத்து வெச்சுக்குவாங்க. அது தேவையும் இல்ல. ஒரு பேக் வாங்கினா ஒரு நேரத்துக்கு ஒரு ஃபோன், அவ்ளோதான். அம்மா பேசி முடிச்சு லாக் அவுட் பண்ணிட்டா அதே பேக்ல அப்பா லாகின் பண்ணி ரசீது பாக்கலாம். லாக் அவுட் பண்ணாம ஃபோன பைல போட்டாதான் சண்ட வரும். ஏறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல வாங்கினா பெரும்பாலும் வெல கம்மி.

நீங்க எல்லாம் பேக்குக்கு சண்ட போடறீங்க, உண்மையான குழி வேற. கப்பலுக்குன்னே சொந்தமா ஒரு செல் டவர் இருக்கு. கரைய விட்டு தள்ளி போனதும் அத ஆன் பண்ணுவாங்க, உங்க ஃபோன் கேக்காம கொள்ளாம அதுல போயி ஒட்டிக்கும். நீங்க மலேசியாவுக்கு தாய்லாந்துக்குன்னு போட்ட ரோமிங் பேக் அங்க செல்லும்னு நெனைக்காதீங்க, அது தனி ரேட்டு. எங்கூட ரூம்ல இருந்த பையன் வந்த புதுசுல ராத்திரி ஃபோன தலமாட்டுல வெச்சு தூங்கிட்டான், வாட்ஸப் தானா ஃபோட்டோவ எல்லாம் பேக்கப் எடுத்திருக்கு, ஒரு ராத்திரிக்கு 11,000 ரூபா பில்லு. மொத சம்பளம் வரதுக்கு முன்னாடியே. அதனால ஏணில கால் வைக்கும்போதே ஃப்ளைட் மோட், அதுக்கப்புறம் வைஃபை மட்டும் ஆன். கப்பலோட சொந்த ஆப் பேக் இல்லாமலே ஓடும், சாப்பாட்டு நேரம் அது இதெல்லாம் அதுல பாத்துக்கலாம்.

மஞ்சூர்_மணி:
கப்பல்காரரே சொல்லிட்டார், ஃப்ளைட் மோட். நான் மொதல்லயே சொன்னேன்.

கூடலூர்_கப்பல்காரன்:
பாதிதான் சொன்னீங்கண்ணா. பெட்டிக்குள்ள வைக்கச் சொன்னது தப்பு.

குன்னூர்_சில்வர்ஓக்:
ரொம்ப நன்றிண்ணா. அப்ப பேக் வாங்காம பினாங்குலயும் ஃபூக்கெட்லயும் சிம் போட்டா கடல்லயும் வேலை செய்யாதா? இ-சிம்னு ஒண்ணு இருக்காமே, அது?

ஊட்டி_ஐடி_பையன்:
இ-சிம்ங்கறது அட்டை இல்லாம ஃபோனுக்குள்ளயே ஏத்தற சிம், அதுவும் கரை டவரத்தான் புடிக்கும் ப்ரோ, சேட்டிலைட்ட இல்ல. நடுக்கடல்ல அது வெறும் அலங்காரம். இன்னொண்ணு, அப்பா ஃபோன் இ-சிம் எடுக்குமான்னு பாருங்க, *#06# அடிச்சா இஐடின்னு ஒரு நீள நம்பர் வரணும். வரலன்னா எடுக்காது. எடுத்தா இங்க வீட்டு வைஃபைலயே ஏத்தி வெச்சுடுங்க, சிங்கப்பூர் மலேசியா தாய்லாந்து மூணுக்கும் சேத்து ஒரே சிம் கெடைக்கும்.

கூடலூர்_கப்பல்காரன்:
அதேதான். எடுக்கலன்னாலும் பரவால்ல, பினாங்குல கப்பல் ஸ்விட்டன்ஹாம் பியர்ல நிக்கும், லிட்டில் இந்தியா நடந்து போற தூரம், பாஸ்போர்ட்ட காட்டி தமிழ்லயே பேசி சிம் வாங்கிட்டு அப்படியே ஒரு டீ குடிச்சுட்டு வரலாம், நாங்க கப்பல் பசங்க எல்லாம் அதான் பண்ணுவோம், ஓசி வைஃபை குடுக்கற கடை எதுன்னு எங்களுக்கு மனப்பாடம். ஃபூக்கெட்ல அப்படி இல்ல, பெரிய கப்பல் பத்தோங் கடலோரமா நங்கூரம் போடும், சின்ன போட்ல ஏத்தி எறக்குவாங்க, க்யூவுலயே நேரம் போயிடும். அங்க போயி சிம் தேட வேண்டாம்.

பேங்க் ஓடிபி எஸ்எம்எஸ்லதான் வரும், கப்பல் வைஃபைல அத எதிர்பாக்காதீங்க. கரைல எறங்கினதும் இந்திய சிம்ம ரோமிங்ல ஆன் பண்ணி, டேட்டா ரோமிங்க மட்டும் ஆஃப்ல வெச்சா எஸ்எம்எஸ் வந்துடும். கால் வந்தா எடுக்காதீங்க, காசு.

முக்கியமானத விட்டுட்டேன். ஃபூக்கெட் மணி சிங்கப்பூர விட ஒரு மணி நேரம் பின்னால. கரைல டவர் கெடைச்சதும் ஃபோன் தானா தாய்லாந்து மணிக்கு மாறும், கப்பல் பாட்டுக்கு பல சமயம் சிங்கப்பூர் மணியிலயே இருக்கும். கடைசி போட் 5 மணின்னு சொல்லியிருந்து, அப்பா ஃபோன்ல 4-னு பாத்துட்டு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குன்னு எளனி குடிச்சுட்டு நின்னா போட் போயிருக்கும். கப்பல் மணி என்னன்னு அன்னன்னிக்கு ஆப்ல போடுவாங்க, அதத்தான் பாக்கணும்.

மஞ்சூர்_மணி:
பாத்தீங்களா, நெட்டே ஆள கரைல விட்டுட்டு போக வெக்குது! அப்பா கைல பழைய எச்எம்டி வாட்ச் இருந்தா சிங்கப்பூர்ல ஏறும்போது மணிய திருப்பி வெச்சுட்டு அப்புறம் தொடாம இருக்கச் சொல்லுங்க. சாவி குடுத்தா போதும், டவர் வேண்டாம்.

கோத்தகிரி_அக்கா:
வாட்ச் விஷயத்துல மணி அண்ணா பக்கம் நான். பேக் விஷயத்துல இல்ல. தம்பி, தங்கச்சிக்கு எட்டாம் மாசம்னு நீங்களே எழுதிட்டு இன்னும் என்ன யோசிக்கறீங்க. கேபின் நம்பர், புக்கிங் நம்பர், கப்பல் கம்பெனியோட அவசர நம்பர் மூணையும் மாப்பிள்ளைகிட்ட எழுதிக் குடுத்துட்டு போகச் சொல்லுங்க.

குன்னூர்_சில்வர்ஓக்:
ஒரே ஒரு பேக் அம்மா பேர்ல வாங்கிட்டேன், முன்னாடியே வாங்கினதால கொஞ்சம் கொறஞ்சுது. அப்பா ஃபோன்ல *#06# அடிச்சு பாத்தேன், இஐடி வரல, அவருக்கு பினாங்குலதான் சிம். லாக் அவுட் பண்றத அம்மாவுக்கு வீட்டு வைஃபைல நாலு தடவ பழக்கினேன், இப்ப அவங்களே அப்பாகிட்ட "ரசீது பாக்க சாயங்காலம் பத்து நிமிஷம், அதுக்கு மேல குடுக்க மாட்டேன்"னு சொல்லிட்டாங்க. அப்பா கேக்கறாரு, எலை எடை கம்மியா இருந்தா அங்க இருந்து ஃபேக்டரிக்கு கூப்ட முடியுமான்னு.

மஞ்சூர்_மணி:
அதுக்குத்தான் பெட்டிக்குள்ள வைங்கன்னேன்.