13 வயசுப் பொண்ணுக்கு முடியை நேராக்குற ரீபாண்டிங் பண்ணலாமா? சீருக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு

பாலக்கோடு_அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்கோடு பக்கம். மகளுக்கு 13 வயது, எட்டாவது படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே சுருட்டை முடி, அதுவும் அலை அலையாக இருக்கும் ரகம் இல்லை, ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகொள்ளும் ரகம். அவள் அப்பா வீட்டு வழியில் வந்தது. என் நாத்தனாருக்கும் இதே முடிதான், அவர் கல்யாணத்துக்கு முன்னாடியே நேராக்கிக்கொண்டார், இன்றுவரைக்கும் விடாமல் செய்துகொண்டிருக்கிறார்.

அடுத்த மாதம் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்திருக்கிறோம். "மண்டபம், போட்டோ, வீடியோ எல்லாம் இருக்கு, இந்த முடியோட உக்காந்தா நல்லாவா இருக்கும், ஓசூர்ல எனக்குத் தெரிஞ்ச பார்லர்ல நானே கூட்டிட்டுப் போய் ரீபாண்டிங் பண்ணி விடுறேன், அத்தை சீர்ல இதையும் சேத்துக்கோ" என்கிறார் நாத்தனார். வீட்டுக்காரரும், பிள்ளை ஆசைப்படுகிறாள், செய்துவிடு என்கிறார். பிள்ளைக்கும் ஆசைதான், அதை மறைக்கவில்லை. தினமும் காலையில் ஸ்கூல் வேன் வருவதற்குள் இரட்டைச் சடை போட்டாக வேண்டும், நான் சீப்பை வைத்ததும் அழுகை. வகுப்பில் நூடுல்ஸ், சாய்பாபா என்று பெயர். போன வாரம் ஒரு டீச்சர் எல்லார் முன்னாடியும் "முடிய ஒழுங்கா வாரிட்டு வர மாட்டியா" என்று கேட்டிருக்கிறார், அதிலிருந்து ஒரே பிடிவாதம்.

இந்த வயதில் செய்தால் கெடுதலா, ஒரு தடவை செய்தால் நிரந்தரமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சுருட்டைதான் அழகு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை நானே நூறு தடவை சொல்லிவிட்டேன், அவள் காதில் ஏறவில்லை.

---

ஓசூர்_பியூட்டிஷியன்:

அக்கா, நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், ரீபாண்டிங்கில் வரும் காசுதான் கடை வாடகை கட்டுகிறது, அதனால் தொழிலைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் நான் செய்வதில்லை, ஹேர்கட் வேண்டுமானால் பண்ணி அனுப்புவேன்.

நிரந்தரமா என்று கேட்டீர்கள். க்ரீம் போட்ட முடி திரும்பச் சுருளாது, அந்த அளவில் நிரந்தரம். ஆனால் வேர் உள்ளே சுருட்டையாகத்தானே இருக்கிறது, புதிதாக வருவது எல்லாம் பழையபடிதான் வரும். முடி மாதத்துக்குச் சுமாராக ஒரு செ.மீ. வளரும். தீபாவளி, பொங்கல் தாண்டும்போது உச்சியில் நாலைந்து செ.மீ. புஸ்ஸென்று சுருட்டை, அதற்குக் கீழே ஊசி மாதிரி நேர் முடி. இரண்டும் சேரும் இடம்தான் முதலில் உடையும். அப்புறம் டச்சப், அதாவது புதிதாக வளர்ந்ததைத் திரும்ப நேராக்குவது, அதற்கப்புறம் இன்னொரு டச்சப். உங்கள் நாத்தனார் ஏன் இன்றுவரைக்கும் விடவில்லை என்று நினைக்கிறீர்கள்? நடுவில் விட்டால் பார்க்க நன்றாக இருக்காது, அதனால்தான்.

செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் க்ரீமில் தையோகிளைகோலேட் என்று ஒரு மருந்து இருக்கும், முடிக்கு வளைவு கொடுத்துப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது உடைத்துவிடும். முட்டை கெட்ட மாதிரி வாடை வரும். கழுவிக் காயவைத்து, பட்டை பட்டையாக எடுத்து 180 டிகிரிக்கு மேல் சூட்டில் அயர்ன் பண்ணி நேராக்குவோம். அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள இரண்டாவது க்ரீம், உடைத்த பிணைப்பை நேராக இருக்கும் நிலையிலேயே திரும்பப் பூட்டுவதற்கு. இந்த நீள முடிக்கு நாலைந்து மணி நேரம் ஆடாமல் உட்கார வேண்டும். க்ரீமை ஊறவிடும் நேரம் கொஞ்சம் கூடிப்போனாலும் முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்து கையில் வரும், தலைத்தோலில் பட்டால் எரியும். மருதாணிப் பொடி என்று பாக்கெட்டில் வருவதை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் இன்னும் ஆபத்து, சிலதில் உலோக உப்பு கலந்திருக்கும், அது பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடாகிக் கருகிவிடும்.

இன்னொன்று, இதை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. விசேஷத்தை ஒட்டி ரீபாண்டிங் பண்ணினால் மூன்று நாளைக்குத் தலையில் தண்ணீர் படக்கூடாது, பின்னக்கூடாது, கிளிப் போடக்கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கினால்கூட மடிப்பு விழும். உங்கள் வீட்டு விசேஷத்தில் தலையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றப்போகிறீர்கள்! அப்புறம் ஜடை தைத்து, பூ சுற்றி, ஜடைபில்லை வைத்துக் கட்டுவார்கள். அந்த அலங்காரத்துக்குள் முடி நேரா சுருட்டையா என்று போட்டோகிராபருக்கே தெரியாது. சுருட்டை முடியில்தான் ஜடை வழுக்காமல் நிற்கும், சவரி கொஞ்சமாக வைத்தால் போதும். எங்களுக்கு வேலை சுலபம்.

---

கிருஷ்ணகிரி_மாம்பழம்:

நான் மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், திட்டாதீர்கள். எனக்கும் சுருட்டைதான். காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகு என் சம்பளத்தில் நேராக்கிக்கொண்டேன், சந்தோஷமாக இருக்கிறேன். இயற்கை, பாரம்பரியம் என்று பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நேர் முடி, அவர்கள் யாரும் நூடுல்ஸ் என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை ஆசைப்படுவதில் தப்பே இல்லை, அதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

ஆனால் அத்தையின் ஆசையா அவள் ஆசையா என்று பிரித்துப் பாருங்கள். அவளுக்கு வேண்டியது நேர் முடியா, இல்லை காலையில் வலிக்காமல் இருப்பதும் கிண்டல் நிற்பதுமா? 13 வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்லரில் உட்காரும் கடமையைத் தலையில் கட்டிவிட்டால் பத்தாவது பரீட்சை நேரத்திலும் உட்கார வேண்டும். 18 ஆகட்டும், அப்போதும் வேண்டுமென்றால் அவளே முடிவு பண்ணட்டும். ரிசப்ஷனுக்கு ஒரு நாள் மட்டும் நேராக விட வேண்டும் என்றால் ஹீட் ப்ரொடெக்டன்ட் போட்டு, முடி முழுசாகக் காய்ந்த பிறகு ஒரே ஒரு தடவை அயர்ன் பண்ணச் சொல்லுங்கள், தலைக்குக் குளித்ததும் பழையபடி வந்துவிடும். ஈர முடியில் மட்டும் அயர்ன் வைக்க விடாதீர்கள்.

அந்த டீச்சரைப் போய்ப் பாருங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை.

---

தகடூர்_மருந்தாளுநர்:

ரீபாண்டிங் வேண்டாம், கெரட்டின் பண்ணலாம், அது முடியில் இருக்கும் சத்துதானே என்று உங்கள் நாத்தனார் அடுத்து வருவார் பாருங்கள், அதனால் இதையும் எழுதிவைக்கிறேன். கெரட்டின், ஸ்மூத்தனிங் என்று செய்யும் பலவற்றில் முடியை நேராகப் பிடித்து வைப்பது கெரட்டின் இல்லை, ஃபார்மால்டிஹைடு அல்லது சூடு பட்டால் அதை வெளிவிடும் பொருள். அயர்ன் வைக்கும்போது கண் எரிந்து இருமல் வருவது அதனால்தான். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே முடிவு சொல்லிவிட்டது. "ஃபார்மால்டிஹைடு ஃப்ரீ" என்று டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே மெத்திலீன் கிளைகால் இருக்கும், தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடுக்கு அதுதான் பெயர். கிளையாக்சிலிக் ஆசிட் என்று இருந்தால் அதையும் வாங்காதீர்கள். 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என்று மூன்று தடவையும் பார்லரில் முடி நேராக்கியதை ஒட்டி சிறுநீரகம் பாதித்ததை 2024ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள், அந்த க்ரீமில் இருந்தது இந்த ஆசிட்தான்.

கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். அமெரிக்காவில் 33,497 பெண்களைக் கிட்டத்தட்ட 11 வருடம் தொடர்ந்து பார்த்து 2022ல் வெளியிட்ட ஆய்வு அது. நேராக்கும் பொருள் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் அந்த நோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், வருடத்துக்கு நாலு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். எந்த பிராண்டு, எந்த ரசாயனம் என்று அதில் கேட்கவில்லை, இதனால்தான் அது வந்தது என்று நிரூபிக்கவும் இல்லை. ஒரு தடவை செய்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 13 வயதில் ஆரம்பிக்கிற பிள்ளைக்கு முன்னால் எத்தனை வருடம் இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டுமே. வயதுக்கு வரும் சமயத்தில் ஹார்மோனால் முடியின் சுருளே கொஞ்சம் மாறலாம், அது ஒரு நிலைக்கு வரட்டும்.

---

பென்னாகரத்தான்:

இவ்வளவு பேசுகிறீர்கள், தண்ணியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் தர்மபுரி மாவட்டத்து போர் தண்ணியில் ஃப்ளோரைடு, அதில் குளித்தால் எந்த முடியும் தேங்காய் நார்தான். ஒகேனக்கல் தண்ணியில் குளிக்க வைத்துப் பாருங்கள் சகோதரி, பாதிப் பிரச்சினை போய்விடும்.

---

தகடூர்_மருந்தாளுநர்:

ஐயா சொல்வதில் பாதி சரி. ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்குத்தான். முடி சொரசொரப்பாவது தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தால், அதாவது உப்புத் தண்ணீர் என்று சொல்கிறோமே அதனால். காரணம் வேறானாலும் வைத்தியம் ஒன்றுதான், குழாய்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு மட்டும் அதை ஊற்றினால் போதும். குடிக்கிற தண்ணீரில் தினம் தலைக்குக் குளிக்க வைத்தால் தெருவில் சண்டைதான் வரும்.

---

பாலக்கோடு_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பிள்ளையிடம் உட்கார்ந்து பேசினேன். நேர் முடி ஏன் வேண்டும் என்று கேட்டால், "டீச்சர் திட்ட மாட்டாங்க, நீயும் இழுக்க மாட்ட" என்கிறாள். நான் இழுப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது. மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது என்பதை நாத்தனாரிடம் சொன்னேன், அவர் பேச்சை மாற்றிவிட்டார், கோபம்தான், ஆனால் ரீபாண்டிங் பேச்சு இப்போதைக்கு நின்றது. திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போகிறேன்.

இந்த முடியை அழ விடாமல் வாருவது எப்படி? காலையில் எனக்குக் கிடைப்பது பத்து நிமிஷம்தான். மாமியார் எண்ணெயைக் குளிரக் குளிர வைத்துவிடுகிறார், அதுவும் சரியா?

---

காவேரிப்பட்டணம்_சுருட்டை:

அக்கா, காலையில் வாராதீர்கள், அவ்வளவுதான் ரகசியம். சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் சீப்பு போட்டால் வலிக்கும், அறும், புஸ்ஸென்று நிற்கும். எங்கள் வீட்டில் நானும் என் மகளும் இதே ரகம்தான், சிக்கெடுப்பது எல்லாம் தலைக்குக் குளிக்கும்போதே. ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும். கண்டிஷனரைத் தாராளமாக எடுத்து நுனியிலிருந்து தடவி, முடி வழுவழுவென்று இருக்கும்போதே முதலில் விரலால், அப்புறம் பெரிய பல் சீப்பால், கீழ் நுனியில் நாலு விரல் அளவு, அது சிக்கு விட்டதும் இன்னும் கொஞ்சம் மேலே, இப்படியே ஏறிக்கொண்டு போங்கள். உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக இழுப்பதுதான் அழ வைக்கிறது. சீயக்காய்ப் பொடியைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள், துகள் சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வடிகஞ்சியில் குழைத்து வடிகட்டித் தேய்த்தால் பரவாயில்லை.

துண்டால் முறுக்கித் துவட்டாதீர்கள், பழைய பருத்திப் பனியனால் கசக்கி ஒற்றி எடுங்கள். ஈரம் சொட்டுவது நின்றதும் ஆளிவிதை ஜெல். இரண்டு மேஜைக்கரண்டி விதையை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கொதிக்க வைத்து, முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் விடும்போது இறக்கி, சூட்டோடு வடிகட்டுங்கள், ஆறிவிட்டால் துணியில் இறங்கவே இறங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். செம்பருத்தி இலையைக் கசக்கி வரும் கொழகொழப்பும் நல்லதுதான், ஆனால் இலைத் துணுக்கு பொறுக்கவே ஒரு மணி நேரம் ஆகும், எனக்குப் பொறுமை இல்லை.

இரட்டைச் சடையை ராத்திரியே தளர்வாகப் போட்டுவிடுங்கள். காலையில் அவிழ்க்க வேண்டாம், முன்பக்கம் மட்டும் கையில் தண்ணீரும் இரண்டு சொட்டு எண்ணெயும் தொட்டுத் தடவி ரிப்பன் கட்டினால் வேன் வருவதற்குள் முடிந்துவிடும். எண்ணெயைத் தலைக்குக் குளிப்பதற்கு முந்தின ராத்திரி மாமியார் ஆசை தீர வைக்கட்டும், ஸ்கூலுக்குப் போகும் நாளில் அந்த இரண்டு சொட்டு போதும். சீப்பு வாங்கும்போது பல்லுக்குப் பல் நடுவில் உங்கள் சுண்டுவிரல் நுழைகிறதா பார்த்து வாங்குங்கள்.