நாலு வேலை பாக்குற ஒரு அக்கா, அவங்ககிட்ட நடிக்கப் போன நாங்க

ஓவியம், எழுத்து, வாத்தியார் வேலை, நாடகம்னு எல்லாத்துலயும் இருக்குற ஆளுங்க கூடப் பழகினவங்க எழுதுங்கன்னு கேட்டிருந்தீங்க. நான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் இருந்தது ஒரு சின்ன நாடகக் குழு. வேலைக்குப் போறவங்க, ரிட்டயர் ஆனவங்க, காலேஜ் பசங்கன்னு கலந்துகட்டி இருப்போம், வேலை முடிஞ்சு சாயங்காலம் கூடி ஒத்திகை பாப்போம், யாருக்கும் சம்பளம் கிடையாது. அத நடத்துன அக்கா படிச்சது ஓவியம், வேலை டிராயிங் டீச்சர், கதை எழுதுவாங்க, எங்க நாடகத்த எழுதி இயக்குறதும் அவங்கதான். வெளிய இருந்து பாக்குறவங்க "எல்லாத்துலயும் கால வெக்குது, ஒண்ணுலயும் நிலைக்காது"ன்னு பேசுவாங்க. கூட இருந்து பாத்ததுல எனக்கு அது நாலு வேலையாவே தெரியல, அதச் சொல்லத்தான் இதை எழுதுறேன்.

நடிக்கணும்னு போனா கையில ஸ்கிரிப்ட் தர மாட்டாங்க, பேப்பரும் பென்சிலும்தான் தருவாங்க. எதிர்ல உக்காந்திருக்கிறவங்க முகத்த வரையணும், ஆனா பேப்பரப் பாக்கக்கூடாது, பென்சிலத் தூக்கவும் கூடாது. கண்றாவியா வரும், மூக்கு காதுகிட்ட கெடக்கும், எல்லாரும் சிரிச்சு உருளுவோம். ஓவியம் படிக்கிறவங்களுக்கு இது பழைய பயிற்சி. மூக்குன்னா இப்படித்தான் இருக்கும்னு நம்ம மண்டைக்குள்ள ஒரு படம் இருக்குல்ல, அத விட்டுட்டு எதிர்ல நெசமா இருக்குற மூக்கப் பாக்க வெக்கிறதுதான் அதோட நோக்கம். சரி, இதுக்கும் நடிப்புக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். அப்புறம் ஒத்திகையில ஒருத்தர கோவமா நடிக்கச் சொல்லுவாங்க, அவரு உடனே பல்லக் கடிச்சு கண்ண உருட்டி கையத் தூக்குவாரு, அக்கா உக்காந்த எடத்துல இருந்தே "மண்டைக்குள்ள இருக்குற மூக்க வரையுறீங்க"ம்பாங்க. அவ்ளோதான், வேற விளக்கமே கெடையாது. உண்மையிலயே கோவமா இருக்குறவங்க பாதிப் பேரு அசையவே மாட்டாங்க, குரலும் எறங்கித்தான் போகும்னு அதுக்கப்புறம்தான் நான் கவனிக்க ஆரம்பிச்சேன்.

எழுத்தும் அப்படித்தான். வசனத்த எழுதிட்டு வந்து வேற வேற ஆளுங்கள விட்டு சத்தமாப் படிக்கச் சொல்லுவாங்க. ஒருத்தரு தடுக்குனா நடிகர் தப்பு, படிக்கிறவங்க எல்லாரும் அதே எடத்துல தடுக்குனா எழுதுனவங்க தப்பு, அந்த வரி அங்கயே போயிரும். இன்னொண்ணு, இந்த மாதிரிக் குழுவுல எப்பவும் யாராச்சும் வர மாட்டாங்க, ஓவர்டைம், காச்சல், புள்ளைக்குப் பரீட்சைன்னு ஏதாவது ஒண்ணு இருக்கும். அதனால அவங்க ஒரே ஆள நம்பி நாடகமே எழுத மாட்டாங்க, நாலஞ்சு பேரு கோரஸா நின்னு மாத்தி மாத்திப் பேசுற மாதிரி எழுதுவாங்க, ஒருத்தர் வரலைன்னா அடுத்தவர் அந்த வரிய எடுத்துக்கலாம். பாக்குறவங்க என்ன நவீனமா இருக்குன்னு பாராட்டுவாங்க, எங்களுக்குத்தான தெரியும் காரணம். ஒவ்வொரு காட்சிக்கும் மொதல்ல ஒரு குட்டிப் படம் போட்டுருவாங்க, யாரு எங்க நிக்கிறாங்க, பாக்குறவங்க கண்ணு எங்க போகுதுன்னு. எல்லாத் தலையும் ஒரே வரிசையில இருந்தா குரூப் போட்டோ மாதிரி இருக்கு, அழிங்கம்பாங்க.

மறக்க முடியாதது ஃபோரம் தியேட்டர் பண்ண அன்னிக்குத்தான். பிரேசில்ல அகஸ்தோ போவால்னு ஒரு நாடகக்காரர் இருந்தாரு, அவரு 1973ல பெரு நாட்டுல வேலை பாத்தப்ப உருவான முறை இது. ஒரு பிரச்சனைய நாடகமாப் போட்டு, அது கெட்டபடியே முடியும். திரும்ப மொதல்ல இருந்து போடுவாங்க, இந்தத் தடவை பாக்குறவங்க யாரு வேணா "நிறுத்து"ன்னு சொல்லிட்டு மேல வந்து, பாதிக்கப்பட்டவங்க எடத்துல நின்னு வேற மாதிரி நடந்து காட்டலாம். தப்பு பண்றவன் திடீர்னு திருந்துற மாதிரி மந்திரத் தீர்வு சொன்னா நடத்துறவங்க ஒத்துக்க மாட்டாங்க. எங்க காட்சி, வயசான அம்மா யாரு வீட்டுல இருக்கணும்னு புள்ளைங்க பேசி முடிவு பண்றது, அந்த அம்மாவும் அங்கதான் ஓரமா உக்காந்திருக்காங்க. நான்தான் மூத்த பையன். ரெண்டாவது தடவை போடுறப்ப ஒரு பெரியம்மா மேல வந்தாங்க. ஏதோ அழுகையா, வசனமா வரும்னு நான் தயாரா நிக்கிறேன், அவங்க ஒண்ணும் பேசல, நாற்காலிய இழுத்துட்டு வந்து எங்க நடுவுல போட்டு உக்காந்து, "ம், இப்பப் பேசுங்க"ன்னாங்க. எனக்கு வரவேண்டிய வசனம் ஒண்ணுகூட வரல, எப்படி வரும், அவங்க மூஞ்சிக்கு நேரா அத எப்படிச் சொல்றது. அன்னிக்கு நாடகம் நடந்ததவிட ஜனங்க எந்திரிச்சு சண்டை போட்டதுதான் ஜாஸ்தி நேரம், அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

பதில்:
நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா எல்லாம் ஒரே வேலைதான்னு சொல்றது எனக்கு ஒப்பல. எங்கப்பா இதே ரகம்தான். வேலை ஒண்ணா இருக்கலாம், நேரமும் ஒண்ணுதான இருக்கு? நாடகம்னா நாளைக்கு ஷோ இருக்கு, வகுப்புன்னா பசங்க வந்து நிக்கிறாங்க, இதெல்லாம் கூப்புடும். எழுத்து கூப்புடாது. அவரு நாவல் பாதியில கெடக்குறது அதனாலதான். தாகூர் அறுபது வயசுக்கு மேலதான் தீவிரமா வரைய ஆரம்பிச்சாரு, கையெழுத்துப் பிரதியில அடிச்ச வரிகள உருவமா மாத்தப்போய் ஆரம்பிச்சது, 1930ல பாரிஸ்ல கண்காட்சி வெச்சாருன்னு எல்லாரும் அப்பாவுக்கு ஆறுதல் சொல்லுவாங்க. தாகூர் நெலமை வேற, நம்ம நெலமை வேறன்னு அவரே சிரிப்பாரு. ஆனா அவருகிட்ட நடிச்ச பசங்க இன்னமும் வீட்டுக்கு வர்றாங்க, அதையும் சொல்லிடணும்.

மேல எழுதின நானே:
நீங்க சொல்றது நியாயம். அக்காவுக்கும் முடிக்காத கதைங்க நெறய உண்டு. வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் டவுன் பிளானரா வேலை பாத்துக்கிட்டேதான் நாடகம் எழுதினாரு, அப்புறம் மேடையும் வேணாம் டிக்கெட்டும் வேணாம்னு ஜனங்க நடுவுல போட ஆரம்பிச்சுட்டாரு. அக்கா அவரத்தான் அடிக்கடி சொல்லுவாங்க, செலவு கம்மிங்கிறதும் ஒரு காரணம்னு நெனைக்கிறேன். அப்பா நாவல் எந்த எடத்துல நிக்குதுன்னு கேட்டுப் பாருங்களேன், அவரு பழைய பசங்கள விட்டு சத்தமாப் படிக்க வெக்கலாம்.