பழைய டேப் (டேப்லெட்) உங்கள் வீட்டில் எதுவரை ஓடியது? அனுபவங்களைப் பகிருங்கள்

கரிசல்மண்

அப்பாவோட டேப் பற்றி எழுதியே ஆகணும். 2011 மாடல். 2016க்கு அப்புறம் அதுக்கு அப்டேட் எதுவும் வரல. அது வீட்டில் யாருக்கும் ஒரு குறையாவே படல. அப்பா ரிட்டயர்டு தலைமையாசிரியர். காலையில் காபி முடிஞ்சதும் நாலைந்து இலக்கியத் தளம், ரெண்டு பேப்பர், மத்தியானம் யூடியூப்ல பட்டிமன்றம். அவ்வளவுதான் அவர் உபயோகம்.

2021 அக்டோபர் பிறந்த நேரம். காலையில் கூப்பிட்டார். எந்தத் தளத்தைத் தொட்டாலும் அதன் அடையாளத்தைச் சரிபார்க்க முடியலன்னு இங்கிலீஷ்ல ஒரு பெட்டி வருது. கூகுள் வருது, யூடியூப் ஓடுது, அவர் வாசிக்கிற தளங்கள்ல பாதி மட்டும் வரல. டவுன்ல ஒரு சர்வீஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கவுண்டர்ல இருந்த பையன் டேப்பைத் திருப்பி மாடல் நம்பரை மட்டும் வாசிச்சான். ஆன்கூடப் பண்ணல. "சார், இது அவுட்டேட் ஆயிடுச்சு, எக்ஸ்சேஞ்சுக்குக்கூட எடுக்க மாட்டாங்க" என்றான்.

அப்பா கேட்டார்: "தம்பி, நேத்து ராத்திரி படுக்கும்போது இதுலதான் வாசிச்சேன். கீழ விழல, தண்ணி படல. விடியறதுக்குள்ள எப்படிப்பா அவுட்டேட் ஆகும்?"

முப்பது வருஷம் பிள்ளைங்க கேள்விக்குப் பதில் சொன்ன மனுஷன். அவர் கேட்டதுக்கு அங்க பதில் இல்ல. பையன் அடுத்த ஆளைப் பார்க்கப் போயிட்டான். புது டேப் வாங்கிக் கொடுத்தாச்சு, அது வேற விஷயம். அந்த ராத்திரி என்னதான் நடந்ததுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சுருதிப்பெட்டி

என்னிடம் இருப்பது ஐபேட் 2. 512 எம்பி ரேம், ஐஓஎஸ் (ஆப்பிளின் இயங்குதளம்) 9.3.5 பதிப்பில் நிற்கிறது. பாட்டு வகுப்பில் இன்றைக்கும் தினமும் ஓடுகிறது, தம்புராவாக.

அதிலுள்ள தம்புரா ஆப்பை எழுதியவர் பிறகு அதைப் புதுப்பிக்கவே இல்லை. 2017ல் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32 பிட் ஆப்களுக்கு இடமில்லை என்றாகிவிட்டது. புதிய ஐபேட் எதிலும் இந்த ஆப் ஏறாது. ஐபேட் 2க்கு ஐஓஎஸ் 11 வரவே இல்லை என்பதால் என்னுடையதில் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மாணவி, புத்தம்புது ஐபேட் ப்ரோவைக் கொண்டுவந்து என்னுடையதன் பக்கத்தில் ஜமக்காளத்தில் வைத்தாள். "டீச்சர், இதே ஆப் எனக்கும் வேணும்." ஸ்டோரில் தேடினோம், இல்லை. வேறு தம்புரா ஆப்கள் நாலைந்தை இறக்கி ஒவ்வொன்றாக ஐந்து கட்டையில் வைத்துக் கேட்டோம். நல்லவைதான். ஆனால் பஞ்சமத் தந்தி அதிர்ந்து சட்ஜமத்தில் கரைகிற இடம் இதில் வருகிற மாதிரி வரவில்லை. அந்தப் பெண் முகம் வாடிப்போய் என் பழைய பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹோம் பட்டன் வேலை செய்யாது. திரையில் மிதக்கிற வெள்ளை வட்டத்தை வைத்து ஓட்டுகிறேன். 30 பின் கேபிள் கழுத்தில் நைந்து, இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. வைஃபை எப்போதும் அணைத்துத்தான் இருக்கும். என் வரையில் அப்டேட் வராததே வரம்.

நாகை நெட்வொர்க்

கரிசல்மண் அண்ணாச்சி, உங்க அப்பா கேட்டது சரியான கேள்வி. அதுக்குப் பதில் இருக்கு. 2021 செப்டம்பர் 30.

அன்னிக்கு டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்கிற மூலச் சான்றிதழ், அதாவது தளங்களோட அடையாளச் சான்றிதழுக்கு ஜாமீன் நிக்கிற சான்றிதழ், காலாவதி ஆச்சு. லெட்ஸ் என்க்ரிப்ட்னு இலவசமா பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்கிற அமைப்பு இருக்கு. சின்னத் தளங்கள், இலக்கியப் பத்திரிகைகள், தனி ஆட்கள் நடத்துற வலைப்பக்கங்கள் நிறைய அதைத்தான் நம்பியிருக்கு. பழைய கருவிகள் அந்தச் சான்றிதழ்களை ஏத்துக்கிட்டதே இந்த எக்ஸ்3 மூலமாத்தான். அதுக்குப் பதிலா வந்த புது மூலச் சான்றிதழ், அதாவது ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, ஐஓஎஸ் 10க்கு முந்தின கருவிகள்லயும் ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தின கருவிகள்லயும் உள்ளே கிடையாது. பழைய வாக்காளர் பட்டியலைக் கையில வச்சிருக்கிற பூத் அலுவலர், புதுசா பேர் சேர்த்தவரை "உங்க பேர் இல்லையே" என்று திருப்பி அனுப்புற மாதிரிதான். ஆள் உண்மையான ஆள்தான், பட்டியல்தான் பழசு. கூகுள், யூடியூபுக்கு வேற மூலச் சான்றிதழ். அதனால அது ஓடுச்சு.

பழைய ஆண்ட்ராய்டு அன்னிக்குத் தப்பிச்சது. மூலச் சான்றிதழோட காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பார்க்கிறதில்ல. அதை வச்சு லெட்ஸ் என்க்ரிப்ட், பழைய மூலச் சான்றிதழே புதுசுக்குக் கையெழுத்துப் போடுற ஒரு குறுக்குக் கையெழுத்து ஏற்பாடு பண்ணி 2024 வரைக்கும் இழுத்தாங்க.

அந்தக் கடைப் பையன் சொன்னது தப்பு. ஐஓஎஸ் 9 மாதிரிக் கருவின்னா, ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 கோப்பை லெட்ஸ் என்க்ரிப்ட் தளத்துல இருந்து வேற போன்ல இறக்கி, மெயில்ல அனுப்பி, டேப்ல திறந்து ப்ரொஃபைலா இன்ஸ்டால் பண்ணினா போதும். ஆண்ட்ராய்டா இருந்தா பயர்பாக்ஸ். அது சான்றிதழ் பட்டியலைத் தானே கையோட வச்சிருக்கும். ஆனா வேற எங்கிருந்தும் வந்த சான்றிதழ் கோப்பை மட்டும் யாரும் ஏத்தாதீங்க. தப்பான ஆளோட சான்றிதழை ஏத்தினா உங்க போக்குவரத்து முழுக்க அவன் வாசிக்கலாம்.

என் கதை சின்னது. ஏழு இஞ்ச் டேப், ஆண்ட்ராய்டு 5க்கு மாறினதும் "அ" தட்டினா ஒரு மூச்சு விட்டு "அ" வரும். 16 ஜிபியில பாதியைக் காலி பண்ணி ரீசெட் அடிச்ச பிறகுதான் ஓரளவு உயிர் வந்தது. ஃப்ளாஷ் மெமரி நிரம்பி வழிஞ்சா எழுதுற வேகம் படுத்துடும். அழிச்ச இடத்தைத் திரும்பத் தயார் பண்ற ட்ரிம் வசதி ஆண்ட்ராய்டு 4.3லதான் வந்தது. அதனால எல்லாருக்கும் சொல்றேன், கால்வாசி இடமாவது காலியா வையுங்க.

இன்னொண்ணு. "அப்டேட் நின்னுடுச்சு"ன்னு பொதுவாச் சொல்றோம், ஆனா எல்லாம் ஒரே நாள்ல நிக்கிறதில்ல. ஆண்ட்ராய்டு 5ல சிஸ்டம் அப்டேட் நின்ன பிறகும் குரோம் 2021 வரைக்கும், 95ஆவது பதிப்பு வரைக்கும் வந்துச்சு. ஆண்ட்ராய்டு 4.4க்கு, கூகுள் ஆப்களைத் தாங்குற ப்ளே சர்வீசஸ் 2023ல நின்னுது. 2.3.7க்கும் அதுக்குக் கீழயும் கூகுள் அக்கவுண்ட் லாகினே 2021 செப்டம்பர்ல மூடியாச்சு. வாட்ஸ்அப் 2025 தொடக்கத்துல இருந்து ஆண்ட்ராய்டு 5 இல்லாம ஓடாது. நீங்க தினம் தொடுறது எதுவோ, அது எப்போ நிக்குதுன்னு பாருங்க.

லீனியேஜ் ஓஎஸ், அதாவது தன்னார்வலர்கள் உருவாக்குற ஆண்ட்ராய்டு வகை, அதைப் போடலாமான்னு கேட்பீங்க. கை பழகினவங்க போடலாம். பேங்க் ஆப் பல அதில் திறக்காது, அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க.

தாமிரபரணி

2020 லாக்டவுன். பொண்ணு ஆறாம் வகுப்பு. வீட்டில் இருந்தது என் அண்ணன் விட்டுட்டுப் போன டேப் ஒண்ணுதான். ஸ்க்ரீன் பளிச்சுன்னு இருக்கும், சார்ஜ் சாயங்காலம் வரைக்கும் நிக்கும். பள்ளிக்கூடத்தில் சொன்ன கிளாஸ் ஆப் "உங்கள் கருவிக்குப் பொருந்தாது"ன்னு சொல்லிடுச்சு.

யூனிஃபார்ம் சட்டை போட்டு, தலை பின்னி, நோட்டைத் திறந்து வச்சு உக்காந்திருந்தா. முதல் நாள் கிளாஸ். அந்த வரியை என்னை விட்டு வாசிக்கச் சொன்னா, தமிழ்ல என்னம்மா அர்த்தம்னு கேட்டா. எதிர்வீட்டு மதினி போன்ல பாதி கிளாஸ் பார்த்தா, அவங்க பையனுக்கும் அதே நேரம் கிளாஸ்.

நாகை தம்பி, மெமரி காலி பண்றதெல்லாம் சரி. இதுக்கு எதைக் காலி பண்ணியிருக்கணும்னு எனக்கு இன்னும் விளங்கல. வெள்ளைப் பலகையும் டீச்சர் குரலும் வந்தாப் போதும். அதுக்கு அந்த டேப்ல பலம் இல்லாமலா போச்சு?

கவுண்டர் நம்பர் 4

சுருதிப்பெட்டி அம்மா, உங்கள் தம்புராவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "அப்டேட் வராததே வரம்" என்று எழுதுவதை வாசிக்கிற பத்துப் பேர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். நான் வங்கிக் கிளையில் வேலை செய்கிறேன்.

ஒரு பென்ஷன்தாரர் மடியில் துண்டு விரித்து அதன்மேல் டேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புது ஆப் அதில் ஏறவில்லை, ஏற்றிக் கொடுங்கள் என்றார். பதிப்பு எண்ணைப் பார்த்தேன், ஏறாது. "பொருள் நல்லாத்தானே இருக்கு, உங்க பேங்குக்கு எதுக்கு நோவு?" என்று சத்தம் போட்டார். திருப்பிக் கொடுக்கும்போதுதான் பின்பக்கம் தெரிந்தது. வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் நாலு இலக்கம் எழுதியிருந்தார். அது அவருடைய பின் நம்பர். அந்த நாலு இலக்கம் இன்றும் எனக்கு மறக்கவில்லை, மறக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வங்கிகள் பழைய பதிப்பைத் தடுப்பது பிடிவாதத்தால் அல்ல. 2015ல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டை வெளியே வந்தது. ஒரு எம்எம்எஸ் அனுப்பினாலே ஆண்ட்ராய்டுக்குள் நுழையலாம், பெறுபவர் எதையும் தொட வேண்டியதில்லை. பல கருவிகளுக்கு அதற்கான திருத்தம் கடைசிவரை போய்ச் சேரவில்லை. இதற்கு மாறாகவும் நடந்திருக்கிறது. 2013ல் வந்த ஐபேட் ஏருக்கு 2021 செப்டம்பரில் 12.5.5 வந்தது, உளவு மென்பொருள் பயன்படுத்திய ஓட்டையை அடைக்க. 2023 ஜனவரியில்கூட 12.5.7 வந்தது. புது வசதி ஒன்றும் இல்லை, பூட்டு மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். மற்ற கருவிகளுக்கும் இப்படி வந்திருந்தால் அந்தப் பெரியவரை நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டாம்.

பழைய டேப்பில் வாசியுங்கள், பாட்டுக் கேளுங்கள். பணம் சம்பந்தப்பட்ட எதையும் வைக்காதீர்கள். மெயில் லாகின் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அந்த மெயிலுக்குத்தான் எல்லாப் பாஸ்வேர்டும் திரும்பி வரும். புதிதாக வாங்குகிறவர்கள் எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தருகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சாம்சங் டேப் எஸ்10க்கு ஏழு ஆண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். விலை குறைந்த மாடல்களில் இது வெகுவாகக் குறையும்.

சுருதிப்பெட்டி

ஐயா, என் பலகையில் நெட் இல்லை, மெயில் இல்லை, பணம் இல்லை. சட்ஜமமும் பஞ்சமமும்தான். நெட்டில் இணைக்கிறவர்கள் நீங்கள் சொன்னபடி கேட்கட்டும்.

பழைய பதிவர்

அப்டேட்டைத் திட்டுகிற தம்பிகளுக்கு ஒன்று. ஆண்ட்ராய்டு 2.2ல் தமிழ் எழுத்துருவே கிடையாது. என் முதல் டேப்பில் தமிழ் வலைப்பதிவைத் திறந்தால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். ஓபரா மினியில் கான்பிக் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் எழுத்துரு என்பதை "எஸ்" என்று மாற்றுவோம். அந்த வித்தை தெரியாத தமிழ்ப் பதிவர் அப்போது இல்லை. எழுத்தெல்லாம் படமாக வரும், ஒரு வரியை எடுத்து நண்பனுக்கு அனுப்ப முடியாது.

நான்காம் பதிப்பு போட்ட கருவி கைக்கு வந்த அன்று என் பதிவையே திறந்து, ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்தேன். நீல நிறத்தில் அந்தச் சொல் தேர்வானது. தமிழ்ச் சொல், படம் இல்லை. பக்கத்தில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். புதுப் பதிப்பு என்றாலே வேகம் குறையும், இடம் போகும் என்று மட்டும் பேசாதீர்கள்.

பனங்கூடல்

நான் யாழ்ப்பாணம். அம்மம்மாவுக்கு கனடாவில இருந்து மாமா கொண்டு வந்து குடுத்த டேப். அதில அவவுக்குத் தெரிஞ்சது ஒண்டே ஒண்டுதான், அந்த நீல ஸ்கைப் வீடியோ கோல் படத்தைத் தொடுறது. ஞாயிறு காலமை அவைக்கு சனி இரவு. வெத்திலைத் தட்டத்தோட முன்னுக்கு இருந்திடுவா.

2025 மே மாதம் அந்தச் சேவையையே மூடிட்டாங்கள். டேப்பில பிழையில்லை, அப்டேட்டிலயும் பிழையில்லை. வேற ஒண்டை ஏத்துவம் எண்டு பார்த்தால் அந்த டேப்பின்ர பதிப்புக்கு ஒண்டும் ஏறேல்லை. என்ர போனில எடுத்துக் குடுத்தன். அம்மம்மா போனைக் கையில வாங்கிப் பார்த்திட்டு, "இதுக்குள்ள பிள்ளையின்ர முகம் சின்னனாக் கிடக்கு" எண்டா. கோல் முடியுமட்டும் கண்ணாடியை ஏத்தி ஏத்திப் பார்த்துக்கொண்டிருந்தவ.

பத்து இஞ்சில புதுசு ஒண்டு வாங்கி வச்சிருக்கிறன். படம் வேற நிறம் எண்டபடியால் இன்னும் தொடுறா இல்லை.

ரிச்சி தெரு சர்வீஸ்

அண்ணாச்சி, ஆன் பண்ணாமலே "அவுட்டேட்"னு சொன்ன பையன் மேல எனக்கும் கோவம்தான். ஆனா கடைக்காரன் பக்கமும் சொல்லணும். பழைய மாடலுக்கு ஒரிஜினல் பேட்டரி கிடைக்கிறதில்ல. கிடைக்கிற லோக்கல் பேட்டரிக்கு நாங்க வாரண்டி கொடுக்க முடியாது. கண்ணாடி ஒட்டின மாடலை ஹீட் கன் வச்சுப் பிரிக்கும்போது ஓரத்துல விரிசல் விட்டா, கடைதான் காம்போ (திரையும் கண்ணாடியும் சேர்ந்தது) வாங்கிப் போடணும்.

எனக்கு மறக்காதது ஒரு ஹோட்டல் டேப். பில் போட கல்லாவுல ஸ்டாண்டுல நிறுத்தி, ராத்திரி பகல் சார்ஜர்லயே வச்சிருந்தாங்க. சாஃப்ட்வேர் பழசு, ஆனா பில்லிங் அருமையா ஓடிட்டிருந்தது. ஒரு நாள் கொண்டு வந்தப்போ டிஸ்பிளே ஒரு பக்கம் தூக்கி, இடுக்கு வழியா உள்ளே பேட்டரி பாக்கெட் உப்பி நிக்கிறது தெரியுது. ஓனர் அதைக் கட்டைவிரலால உள்ளே அழுத்திக்கிட்டே "ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்கொடுங்க தம்பி"ன்னார். கையைப் பிடிச்சு இழுத்து மேஜை மேல வைக்க வச்சேன். அது குத்துப்பட்டிருந்தா அங்கேயே தீ பிடிச்சிருக்கும்.

தம்புரா அம்மா, உங்க ஐபேடைத் திரை கீழ இருக்கிற மாதிரி இல்லாம, முதுகு கீழ படுற மாதிரி சமதளத்துல வச்சு, திரையைப் பக்கவாட்டுல பாருங்க. கண்ணாடி விளிம்பு எங்கேயாவது சட்டத்தை விட்டு எழும்பியிருந்தா, இல்ல திரையில ஒரு இடம் மட்டும் வெளுத்துத் தெரிஞ்சா, உடனே அணைச்சுக் கடைக்குக் கொண்டு போங்க. வகுப்பு நேரத்துக்கு மட்டும் சார்ஜ் ஏத்துங்க, ராத்திரி பூரா போட்டு விடாதீங்க. இன்சுலேஷன் டேப் சுத்தின அந்தக் கேபிளை இன்னைக்கே தூக்கிப் போடுங்க. 30 பின் கேபிள் எங்க தெருவுல இன்னும் கிடைக்குது.