சுனில் ஜனாவின் பஞ்சப் படங்கள்: மனிதநேயமா, துயரைக் காட்சிப்பொருள் ஆக்கியதா?

மாட்டுங்கா வாசகர்:
வங்கப் பஞ்சத்தைப் படமெடுத்த ஒளிப்படக்காரர் சுனில் ஜனாவை மனிதநேயக் கலைஞர் என்று போற்றுவதை என்னால் முழுமனதாக ஏற்க முடியவில்லை. 1943-இல் அவருடன் ஊர் ஊராகச் சென்ற ஓவியர் சித்தபிரசாத், தாம் வரைந்த பலரின் பெயரையும் ஊரையும் ஓவியத்தின் ஓரத்திலேயே எழுதிவைத்தார். ஜனாவின் படங்களிலோ எலும்பும் தோலுமாய் நிற்பவர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்கள். சாகக் கிடப்பவரிடம் சம்மதம் கேட்டவர் யார்?

செம்பூர் தமிழரசி:
ஐயா, பெயர் இல்லையென்ற குறை நியாயமானதே. ஆனால் அந்தப் படங்கள் எந்தச் சூழலில் எடுக்கப்பட்டன என்பதை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. மாணவராயிருந்த ஜனாவைப் படிப்பை விட்டுவிட்டுப் பஞ்சக் கிராமங்களுக்கு வரச் செய்தவர், கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த பி. சி. ஜோஷி. படங்கள் வெளியானது நம் மும்பையின் கேத்வாடியிலிருந்து வந்த கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' வார இதழில். ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டதாகக் கணிக்கப்படும் அந்தக் கொடுமையைச் சட்டப்படி பஞ்சமென்று அறிவிக்கவே அன்றைய பிரிட்டிஷ் அரசு முன்வரவில்லை. சித்தபிரசாத்தின் 'ஹங்ரி பெங்கால்' (பசித்த வங்கம்) என்ற பஞ்ச நூலின் 5,000 படிகளையும் பறிமுதல் செய்து எரித்தது. சாவே நடக்கவில்லை என்பதுபோல் அரசு நடந்துகொண்டபோது, மண்ணில் சிதறிய மண்டையோடுகளைப் படமெடுத்தவரைச் சாட்சி என்றுதான் சொல்வேன்.

மாட்டுங்கா வாசகர்:
சாட்சி என்பதில் எனக்கு மறுப்பில்லை, அம்மா. சாட்சியம் வேறு, மனிதநேயம் வேறு. உழைப்பாளிகளைக் கீழிருந்து நோக்கி, பின்னால் வெறும் வானம் தெரிய அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். அவை கட்சிச் சுவரொட்டியின் வீரர்கள். அந்த முகத்துக்கு உரியவர் என்ன நினைத்தார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

அந்தேரி ஒளிப்பட மாணவன்:
அந்தக் கோணத்தை நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். காந்தியையும் நேருவையும் ஜின்னாவையும் படமெடுத்த அதே மனிதர், மீனவரையும் சுரங்கத் தொழிலாளியையும் அண்ணாந்து பார்த்தார். அது கட்சிக்காக மட்டும் பிறந்த பார்வை என்றால், 1948-இல் ஜோஷியின் தலைமை போனதும், ஜனாவும் கட்சியிலிருந்து விலகியதும் மறைந்திருக்க வேண்டும். அப்படி மறையவில்லை. மானிடவியலாளர் வெரியர் எல்வினுடன் பழங்குடி மக்களிடையே சென்று எடுத்த படங்களிலும் அதே மரியாதை இருக்கிறது.

செம்பூர் தமிழரசி:
இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஒருவரை வரைய சித்தபிரசாத் அவர் எதிரே வெகுநேரம் உட்கார வேண்டியிருந்தது. பேச்சும் பெயரும் தானாகவே வந்தன. நிவாரணச் சோற்றுக்கு நிற்கும் வரிசையைப் படமெடுப்பவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

மாட்டுங்கா வாசகர்:
வரிசைக்கு அது பொருந்தும். ஒற்றை முகத்தை அருகிலிருந்து எடுத்த படங்களுக்குப் பொருந்தாது. அங்கே பெயரைக் கேட்டு எழுத ஒரு நிமிடம் போதும். ஜனாவின் பஞ்சப் படங்களைப் பெரிதும் மதித்துக்கொண்டேதான் இந்தக் குறையைச் சொல்கிறேன். 2012-இல் பத்மபூஷண் கிடைத்ததால் அது நீங்கிவிடவில்லை.