முறுமுறுப்புக்குச் செவிகொடுத்த மூப்பர்

எங்கள் சபையில் நோயாளிகளுக்கும் விதவைகளுக்கும் மாதந்தோறும் உதவி வழங்கும் நிதி ஒன்று உண்டு. எல்லாராலும் மதிக்கப்படும் மூப்பர் ஒருவர் அதை நெடுங்காலமாக நடத்திவந்தார். பிற்பாடு சபையில் சேர்ந்த, வேறு மொழி பேசும் குடும்பத்தார், தங்கள் விதவைகளின் பெயர்கள் அந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை என்று முதலில் தங்களுக்குள்ளும் பின்னர் வெளிப்படையாகவும் சொல்லத் தொடங்கினார்கள். இதற்காகச் சபைக் குழு கூடியபோது, ஒற்றுமையைக் குலைக்காமல் தாழ்மையோடு பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையே அவர்களுக்குக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். குறை சொல்பவர்களுக்கு அப்படிச் சொல்லப்படுவதை அதற்குமுன் நான் பலமுறை கேட்டிருந்தேன்.

மூப்பரின் கணக்கில் எந்தக் குறையும் இல்லை. அதை அன்று எடுத்துக்காட்டியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது. அவரோ கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல், அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தின் முதல் வசனங்களை வாசித்தார். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசியவர்களின் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், விடுபட்டபோது முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அந்த விதவைகளைக் கடிந்துகொள்ளவில்லை. தாழ்மையைக் குறித்து அவர்களுக்குப் போதிக்கவுமில்லை. பொறுப்பை ஒப்படைக்க ஏழுபேரைத் தெரிந்துகொள்ளுமாறு சபையாரிடம் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று தெரிந்துகொள்ளப்பட்ட அனைவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை மூப்பர் சுட்டிக்காட்டினார். குறை சொன்ன தரப்பாரிடமே பந்தி விசாரிப்பு ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று வேத அறிஞர் பலர் இதைக்கொண்டு கருதுகிறார்கள். பிறகு அவர், "நிதியைப் புதிய குடும்பத்தாரே நடத்தட்டும், அவர்கள் எந்த வீட்டுக்குப் போகச் சொன்னாலும் நான் போய்வருகிறேன்" என்றார்.

இது எல்லாருக்கும் உவப்பாக இல்லை. தங்கள் முன்னோர் கட்டியெழுப்பிய சபையில் தங்களை நம்பவில்லையா என்று பழைய குடும்பத்தார் சிலர் மனம் நொந்தார்கள். அவர்களுடைய வருத்தம் பொய்யானதன்று. மூப்பர் அவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தார். அவர் யாரோடும் வாதாடவில்லை என்று பிறகு அவர்களே என்னிடம் சொன்னார்கள்.

"மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய வசனம் நம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அதைத் தொடர்ந்து அவர் முன்மாதிரியாகக் காட்டுவது தேவனுடைய ரூபமாயிருந்தும் தம்மைத்தாமே வெறுமையாக்கின கிறிஸ்துவை. அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவரே முதலில் இறங்கிவர வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எளியவரைப் பார்த்து மட்டும் தாழ்மை பேசும் சபை, அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு உண்பதை விட்டு விலகியபோது பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒற்றுமைக்காகப் பவுல் மௌனம் காத்திருந்தால், ஒரே பந்தியில் அமர்ந்தவர்கள் இரண்டு பந்திகளாகப் பிரிந்தே போயிருப்பார்கள்.

இதே காலத்தில் எங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் இருவருக்குள் பிணக்கு ஏற்பட்டது. பிலிப்பி சபையில் ஒருமனப்படாதிருந்த எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்களுக்குப் பவுல் தம் நிருபத்தில் புத்திசொல்லும்போது யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறவில்லை. சுவிசேஷத்துக்காக இருவரும் தம்மோடு பிரயாசப்பட்டதை நினைவூட்டி, அவர்களுக்கு உதவும்படி ஒருவரைக் கேட்டுக்கொள்கிறார். எங்கள் போதகரும் இருவருடைய உழைப்பையும் சபைமுன் நன்றியோடு எடுத்துச்சொன்னார். முன்போல் அவர்கள் நெருங்கிப் பழகுவதில்லை என்றாலும், பாடங்களைச் சேர்ந்தே ஆயத்தப்படுத்துகிறார்கள்.

நிதியை ஏற்ற புதிய குழுவினர் பழைய பட்டியலிலிருந்து எந்தப் பெயரையும் நீக்கவில்லை. வீடுவீடாகச் சென்று விசாரித்ததில், கேட்கக் கூச்சப்பட்டு மறைவாகத் துன்பப்பட்டுக்கொண்டிருந்த பழைய குடும்பத்தார் சிலரையும் அவர்கள் கண்டறிந்து, அவர்களுடைய பெயர்களையும் பட்டியலில் சேர்த்தார்கள்.